ஜிப் வைத்த அரசாணிக் கொடி

ஒரு காய்கறிக்கு டி-ஷர்ட் மாட்டிவிட்ட அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?

எனக்கு இந்தப் பொங்கல் வாரத்தில் வாய்த்தது. நான்கு வயதுக் குழந்தை சைஸ். ரவுண்ட் நெக், அரைக்கை. கழுத்தை முடிச்சுப் போட்டு மூடி, கீழ்ப்பக்கமாகக் காயை நுழைத்து, ஓரத்தைச் சுருட்டிப் பந்தல் கம்பியில் கட்டினேன். தள்ளி நின்று பார்த்தால்... தொப்பை வைத்த ஒரு பையன் தலைகீழாகத் தொங்குவதுபோல் இருந்தது.

காயின் பெயர் அரசாணிக்காய். மற்ற ஊர்க்காரர்கள் பரங்கி என்பீர்கள், மஞ்சள் பூசணி என்பீர்கள். கொங்கு நாட்டில் அதற்கு அரச மரியாதை. அந்த மரியாதையை அது நம்மிடமிருந்து எப்படிக் கறந்து வாங்குகிறது என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் ஆர்வங்களின் ஆயுள் தெரியும். கிடார் – நான்கு வாரம். ஓட்டப் பயிற்சி – ஷூ வாங்கிய வாரம் மட்டும். கொரியன் மொழி – வணக்கம், நன்றி, அத்தோடு சரி. அந்த வரிசையில் ஐப்பசி மாதம் மாடித் தோட்டம் வந்து சேர்ந்தது. உழவர் சந்தையில் வாங்கிய அரசாணித் துண்டின் விதைகளை ஒரு தொட்டியில் போட்டேன். ஐந்தாம் நாள் முளைத்தது. முளைத்ததைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில், கீழ் வீட்டிலிருந்து சரசக்கா ஓடி வந்துவிட்டார்.

சரசக்கா எங்கள் வீட்டு ஓனர். கீழே அவர் குடும்பம், முதல் மாடியில் நான், பின்பக்கத்து அறையில் ஓர் ஒடிசா தம்பதி. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. ஆனால் பொதுச் சொத்துக்கும் ஓர் அரசி உண்டல்லவா? மிளகாய் காய்வதும் வடகம் காய்வதும் அவர் சொல்படிதான்.

"கீரை கீது போட்டுக்க கண்ணு. அரசாணி வேண்டாம். அது இடம் கேக்கற சாதி" என்றார்.

நான் கேட்டேனா? இணையத்தில் ஒருவர் பதினைந்து லிட்டர் பையில் அரசாணி வளர்த்துக் காட்டியிருந்தாரே!

ஒரு மாதத்தில் கொடி என்னைக் கேட்காமல் கிளம்பிவிட்டது. இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். சுருள் சுருளாகக் கை நீட்டி, பக்கத்தில் எது அகப்பட்டாலும் பிடித்துக்கொண்டது. முதலில் டிஷ் ஆன்டெனா. அப்புறம் தண்ணீர்த் தொட்டியின் குழாய். கடைசியில் சரசக்கா துணி காயப்போடும் கம்பி. ஒரு காலை, அவருடைய போர்வையை எடுக்கப் போனால் கொடியும் கூடவே வந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் நான் வண்டுக்கு அடித்த வேப்பெண்ணெய், காற்றில் பறந்து அவர் வெள்ளைப் புடவையில் படிந்திருந்தது.

மாடியிலேயே பஞ்சாயத்து கூடியது. கட்சிக்காரர் இருவர், நீதிபதி ஒருவர். அந்த ஒருவர் எதிர்க் கட்சிக்காரரேதான்.

"இங்க பாரு கண்ணு. பொங்கலன்னைக்கு இந்தக் கொடியில இருந்து ஒரு காயி என்ற அடுப்புக்கு வரோணும். வந்துதுன்னா நான் கம்பிய அக்கட்ட மாத்திக் கட்டிக்கறேன். வரலீன்னா, பொங்கல் முடிஞ்சு வர்ற பூப்பறிக்கிற நோன்புக்குள்ள தொட்டியெல்லாம் எறக்கீரோணும். சரிங்களா?"

கடைசியில் அந்த 'ங்களா' இருக்கிறதே... கொங்குக்காரர்கள் தூக்குத் தண்டனையைக்கூட மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

"சரிங்கக்கா" என்றேன். வேறென்ன சொல்ல? பொங்கலுக்கு அப்போது ஏழு வாரம் இருந்தது. ஏழு வாரத்தில் இந்த ஊரில் ஒரு முழு ஆர்டரையே தைத்து, பெட்டி கட்டிக் கப்பலேற்றிவிடுவோம். ஒரே ஒரு காய் வராதா?

வரவில்லை.

முதலில் இலைகளில் பவுடர் பூசியதுபோல் வெள்ளை படிந்தது. சாம்பல் நோய் என்றார்கள். புளித்த மோர் தெளித்தேன். நோய் குறைந்தது, மாடியில் வாசம் கூடியது. பிறகு சிவப்பு வண்டுகள் மறுபடி வந்து இலைகளைச் சல்லடையாக்கின. ஒவ்வொன்றாகப் பிடித்து சோப்புத் தண்ணீரில் போட்டேன். இத்தனையும் தாண்டி ஒருநாள் பூ வந்தது. மஞ்சள் மஞ்சளாக, வரிசையாக!

பூ வந்ததும் நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். நான் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது, துணி வாங்கும் வெளிநாட்டு பையர் 'சரக்கு எங்கே?' என்று என்னிடம் கேட்பார், நான் அதையே கம்பெனியில் எல்லோரிடமும் கேட்பேன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. தினமும் மாலை வேலை முடிந்து வந்து, மறுநாள் விரியப்போகும் மொட்டுகளை எண்ணி எக்செல் ஷீட்டில் ஏற்றினேன். மறுநாள் மாலை வாடிய பூக்களை எண்ணினேன்.

கணக்கு உதைத்தது. நேற்று மொட்டு ஏழு. இன்று பூ இரண்டு. மீதி ஐந்து எங்கே?

அணிலா? அணில் காம்பை நகத்தால் கிள்ளியதுபோல் இவ்வளவு சுத்தமாக வெட்டாதே! காக்காயா? அதற்கு வேறு வேலை இருக்கிறது. இரண்டு குட்டிப் பிஞ்சுகள் மட்டும் எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தன. இருக்கிற பூவெல்லாம் காணாமல் போனால் மற்றவை எப்படிக் காய்க்கும்?

ஒரு வியாழக்கிழமை, சாம்பிள் பார்சல் அனுப்ப அதிகாலையில் கிளம்பினேன். மாடிப்படியில் எதிரே இறங்கி வந்தது, பின் அறை ஒடிசாப் பெண் சுனிதா. என் வயதுதான் இருக்கும். ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறாள். கையில் திறந்த டிபன் பாக்ஸ். அதற்குள்... என் ஐந்து பூக்கள்!

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வாசலில் எனக்காக வந்த ஆட்டோ ஹாரன் அடித்தது, ஓடிவிட்டேன்.

அந்த இடத்தில் நின்று, "எதுக்கு சுனிதா இதைப் பறிக்கிறே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்க நேரமில்லை. ஆனால் சாயங்காலம் சரசக்காவிடம் போய் அரைமணி நேரம் சொல்ல நேரமிருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். நமக்கெல்லாம் விசாரிப்பதற்குத்தான் நேரம் கிடைக்காது.

சரசக்கா நியாயஸ்தி. தன் கெடுவில் யாரும் கைவைக்கக் கூடாது. பின் அறைக் கதவைத் தட்டி, "இனிமேப்பட்டு மேல போக வேண்டாஞ்சாமி" என்று சொல்லிவிட்டு வந்தார். சுனிதா என்ன சொன்னாள் என்று கேட்டேன். "தலையாட்டுச்சு" என்றார்.

அத்தோடு விட்டேனா? பழ ஈ வேறு பிஞ்சைத் துளைக்கும் என்று ஒரு வீடியோ பயமுறுத்தியது. ஆளுக்கும் ஈக்கும் சேர்த்து ஒரே தடுப்பாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மற்ற ஊர்க்காரர்களாக இருந்தால் கடையில் ஒரு வலை வாங்கியிருப்பார்கள். இது திருப்பூர். நம்மிடம் இல்லாத துணியா?

கம்பெனியில் சாம்பிள் டெய்லர் ராசேந்திரன் அண்ணனிடம் போனேன். கூடைப்பந்து ஜெர்சிக்கு வந்த மெஷ் துணி, ஆரஞ்சு கலர், ஷேடு மாறிப்போனதால் ஒதுக்கப்பட்டு மூலையில் கிடந்தது. விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"உயரம் சொல்லு அம்மிணி. செடிக்கு இடுப்பு எத்தன இஞ்ச்சி?"

"அண்ணா, கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்ல அம்மிணி. அளவெடுக்காமத் தச்சா ரிஜெக்ட் ஆயிரும்."

தைத்தார் பாருங்கள்... ஒரு கூடாரம்! நான்கு மூலையிலும் கட்ட நாடா. ஓரமெல்லாம் டபுள் தையல். ஆள் நுழைய முழு நீள ஜிப். ஜிப்பின் தலையில் சின்னப் பூட்டு மாட்டத் துளை. உள்பக்கம் ஒரு வாஷ்கேர் லேபிள்கூட வைத்திருந்தார் – இஸ்திரி போடக்கூடாதாம்! மாடியில் கட்டி முடித்துவிட்டுப் பார்த்தால், ஒரு கூடைப்பந்து டீமே படுத்துத் தூங்குவதுபோல் இருந்தது. வண்டு நுழையாது. ஈ நுழையாது. சுனிதா நுழைய முடியாது. சாவி என் கைப்பையில்.

என் எக்செல் ஷீட் அன்றிலிருந்து பொன்னாக மின்னியது. மொட்டு ஏழு, பூ ஏழு. மொட்டு ஒன்பது, பூ ஒன்பது. நூற்றுக்கு நூறு!

ஆனால் காய்?

பூவின் அடியில் குட்டிக் கோலிக்குண்டு மாதிரி பிஞ்சு இருக்கும். அது நான்கு நாளில் மஞ்சளாகும், சுருங்கும், தொட்டால் உதிரும். ஒன்று, இரண்டு, ஐந்து... ஏற்கெனவே வந்திருந்த எலுமிச்சை இரண்டில் ஒன்று பழ ஈயால் அழுகியது. கூடாரம் கட்டுவதற்கு முன்பே துளைத்திருக்கிறது. மற்றதைக் கட்டும்போது நானே இடித்துக் காம்பை ஒடித்தேன். உரம் போட்டேன். உரத்தை நிறுத்தினேன். தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். செடியிடம் பேசிப் பார்த்தேன். அலுவலகத்தில் பையரிடம் பேசும் அதே குரலில் – கெஞ்சலும் இங்கிலீஷுமாக.

இரண்டு வாரம் போயிற்று. பொங்கலுக்கு மூன்றரை வாரம். சரசக்கா படியில் பார்க்கும்போதெல்லாம், "காயி எப்படியிருக்குதுங் கண்ணு?" என்று அன்பாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அந்த அன்புதான் பயமாக இருந்தது. ஐப்பசியில் விளையாட்டாக ஆரம்பித்தது, மார்கழியில் விளையாட்டாக இல்லை. தினமும் மெயிலும் போனுமாக ஓடுகிற எனக்கு, அந்த மாடியில் நிற்கும் இருபது நிமிஷம்தான் யாரும் எதுவும் கேட்காத நேரம். அதையும் இறக்கி வைத்துவிட வேண்டுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, தூக்கம் வராமல் மேலே போனேன். முதல்முறையாகப் பூக்களை விரிந்த நிலையில் பார்த்தேன். அடடா! பெரிய பெரிய மஞ்சள் குவளைகள். மாலையில் வாடிய துணிபோல் கிடப்பவை இவைதானா? விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது கீழே குழாயடியிலிருந்து குரல் வந்தது.

"அக்கா... பிஞ்சு நிக்கலைங்களா?"

சுனிதா. குடத்தை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குப்பைல தினம் பாத்தேங்க. எல்லாம் மஞ்ச." கொஞ்சம் தயங்கினாள். "நான் மேல வரக்கூடாதுன்னு ஓனரம்மா சொன்னாங்க. அதனால சொல்லல."

 கீழே இறங்கிப் போனேன். "ஸாரி சுனிதா. பூவை நீ பறிக்கிறதாலதான் காய் வரலைன்னு நினைச்சு, நான்தான் அக்காகிட்டச் சொன்னேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. எல்கேஜி பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"ஸாரி அப்புறம் சொல்லுங்கக்கா. மொதல்ல ஜிப்பத் தொறங்க. வெயில் வந்தா பூ மூடிக்கும்."

இருவரும் மாடிக்கு ஓடினோம், திறந்தேன். குனிந்து உள்ளே போனவள், நீளக் காம்பில் நின்ற ஒரு பூவைக் கிள்ளினாள். "இது ஆம்பளப் பூங்க. இதுல காய் வராது." அடியில் கோலிக்குண்டு வைத்திருந்த இன்னொன்றைக் காட்டினாள். "இது பொம்பளப் பூ. இதுலதான் வரும்." கிள்ளிய பூவின் இதழ்களைப் பிய்த்துப் போட்டாள். நடுவில் ஒரு தண்டு, மேலே மஞ்சள் பொடி. அதைப் பெண் பூவின் நடுவில் வைத்து, கண்ணுக்கு மை இடுவதுபோல் மெதுவாகத் தேய்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க. இது தேனீ வேலை. எங்க ஊர்ல மழை நாள்ல தேனீ வராது, அப்ப எங்கம்மா இப்படிப் பண்ணுவாங்க." சுற்றிலும் தெரிந்த கட்டடங்களைக் கை காட்டினாள். "இங்க தேனீ எங்கக்கா இருக்கு? கம்பெனிதான் இருக்கு. இருந்தாலும் இந்த ஜெர்சிக்குள்ள எப்படி வரும்?"

பழ ஈ நுழையாத துணியில் தேனீ மட்டும் எப்படி நுழையும்? பட்டப்படிப்பு படித்த எனக்கு இந்தச் சின்னக் கேள்வி ஏன் தோன்றவில்லை?

"அப்போ நீ இவ்வளவு நாளா..."

"தினம் காலைல ஒரு பூ எடுத்து பொம்பளப் பூக்கு வெப்பேன். மிச்ச ஆம்பளப் பூ எனக்கு. அரிசி மாவு தொட்டுப் பொரிச்சா சூப்பரா இருக்கும். எங்க ஊட்ல எல்லாரும் சாப்பிடுவோம்."

அந்த எலுமிச்சைகள் இரண்டும் என் மோரிலும் உரத்திலும் வந்தவை அல்ல. என் தோட்டத்துத் தேனீயைத்தான் நான் புகார் கொடுத்து விரட்டியிருக்கிறேன்!

ஒன்று மட்டும் உறுத்தியது. "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே சுனிதா?"

"கேட்டேனேக்கா! படில நின்னு, பூ எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன். நீங்க போன்ல பேசிட்டு, தலை ஆட்டி, ஓகே ஓகே ஓகேன்னு மூணு வாட்டி சொன்னீங்க."

நிச்சயம் சொல்லியிருப்பேன். பையரிடம் ஒரு நாளைக்கு முப்பது முறை சொல்கிற வார்த்தை அது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நான் யார் யாருக்கு எதற்கெல்லாம் சம்மதம் கொடுத்திருக்கிறேனோ, கடவுளுக்கே வெளிச்சம்.

சரசக்காவிடம் போய் முழுதும் ஒப்புக்கொண்டேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். "உன்ற பேச்சக் கேட்டு அந்தப் புள்ளைய வேண்டாம்னுட்டனே!" என்று எழுந்து, கையில் ஒரு டம்ளர் காப்பியோடு நேராகப் பின் அறைக்குப் போனார். என்ன பேசினார்களோ தெரியாது. திரும்பி வரும்போது டம்ளர் காலி. ஆனால் என்னிடம் கறாராகச் சொன்னார்: "கெடு கெடுதான். அதுல மாத்தமில்ல."

அன்று சுனிதா மை இட்டது இரண்டு பூக்களுக்கு. ஒன்று மூன்றாம் நாளே மஞ்சளாகி விழுந்தது. மற்றது... நின்றது! பெருத்தது! கோலி, எலுமிச்சை, தக்காளி. கனம் தாங்காமல் கொடி தொங்கியதும் ராசேந்திரன் அண்ணன் ரிஜெக்ட் ஆன குழந்தை பனியன்களைக் கொடுத்தார். ஜிப் இப்போது திறந்தே கிடந்ததால், அது தொட்டிலுக்குத் தொட்டில், பழ ஈக்குத் தடுப்பு. முதலில் மூன்று மாதக் குழந்தை சைஸ். ஒரே வாரத்தில் பத்தவில்லை. ஆறு மாதம். அப்புறம் ஒரு வயது. அப்புறம் இரண்டு வயது. தினமும் கம்பெனியில் அண்ணன் கேட்பார்: "புள்ளைக்கு இப்ப என்ன சைசு அம்மிணி?" பக்கத்து மிஷின்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு ஷிப்மென்ட்டுக்குக்கூட இவ்வளவு பேர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. போகிக்கு முதல் நாள் நான்கு வயது சைஸ் மாட்டினேன். ஆரம்பத்தில் சொன்னேனே, அதுதான்.

பொங்கல் காலை. கத்தியை எடுத்துக்கொண்டு சரசக்காவே மேலே வந்தார். டி-ஷர்ட்டைக் கழற்றினேன். பச்சையும் வெள்ளைக் கோடுமாக, இன்னும் பழுக்காத காய்தான். பழுக்க இன்னும் ஒரு மாதம் விட்டிருக்க வேண்டும். பக்கவாட்டில் பனியன் தையல் அழுந்திய தழும்பு வேறு.

தழும்பு தெரியாதபடி நானும் சுனிதாவும் காயை மெல்லத் திருப்பி வைத்தோம்.

சரசக்கா சுண்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். காம்போடு அறுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"எளசு. பழமா வருமுன்னு நெனச்சேன்." தழும்பை ஒருமுறை தடவினார். "பரவால்ல, எளசுலதான் பொரியலு நல்லாருக்கும். உன்ற கொடி இருந்துட்டுப் போகட்டும் கண்ணு."

நான் குதிப்பதற்குள் விரலை நீட்டினார்.

"ஆனா ஒண்ணு. அந்தப் புள்ளைய வெளிய நிறுத்தி ஜிப்பப் பூட்டுனீன்னா, உன்னைய உள்ள வெச்சுப் பூட்டிப் போடுவேன். ஆமா!"

மதியம் மூன்று வீட்டு இலைகளிலும் ஒரே பொரியல். சுனிதா அதற்குப் பதிலாக ஒரு தட்டு நிறையப் பூப் பொரித்துக் கொண்டுவந்தாள். ஓரம் முறுமுறுவென்று, நடுவில் மெத்தென்று. சரசக்கா முதலில் "பூவப் போயி திங்கறதா?" என்றார். ஒன்றைக் கடித்தார். அதன்பின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தட்டு என் பக்கம் வரும்போது மூன்றே மூன்று மிச்சம்.

இந்தச் சம்பவத்தால் ஒன்று புரிந்தது. எங்கள் தொழிலில் எல்லோரும் குறைகிற கணக்கைத்தான் பார்க்கிறோம். பீஸ் குறைந்தால் உடனே யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மெயில் பறக்கும். கூட்டிக் கொடுக்கிற கை எது என்று தேட எந்த ஷீட்டிலும் கட்டம் கிடையாது. மாடியில் மட்டும்தானா இப்படி? யோசித்துப் பாருங்கள்.

கூடாரத்தை அவிழ்த்து, பிஞ்சுகளுக்கு மட்டும் பனியன் மாட்டிவிட்டேன். இன்று காலை ஆறு மணிக்குப் பூ பறிக்கலாம் என்று மாடிக்குப் போனேன். எனக்கு முன்னால் சுனிதா. அவளுக்கும் முன்னால், கையில் தட்டோடு சரசக்கா.

என் தோட்டத்தில் நான் இப்போது மூன்றாவது ஆள்... வரிசையில் வரச் சொல்லியிருக்கிறார்கள்!